சிவப்புச் சிலுவை வந்த வழி

திருகோணமலையிலிருந்து புல்மோட்டை வீதியில் வடக்கே போனால் உப்புவெளி, நிலாவெளி, அதற்கடுத்து இறக்கக்கண்டி. களப்பு கடலோடு சேரும் இடத்தில் ஊர். முஸ்லிம்களும் தமிழரும் ஒரே கடலில் தொழில் செய்கிறார்கள். 2004 மார்கழியில் ஆழிப்பேரலை வந்தபோதும் அதற்கு முன்னும் பின்னும் போர் நடந்தபோதும் இரு பகுதியாரும் ஒரே அடியைத்தான் வாங்கினார்கள்.

இந்தக் கரைக்குப் பழைய பத்திரம் ஒன்று இருக்கிறது. பக்கத்து நிலாவெளியில், பிள்ளையார் கோயிலில் கண்டெடுத்த சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டு அது. கோணமலையிலுள்ள மச்சகேஸ்வரத்துக்கு, அதாவது இன்று நாம் கோணேஸ்வரம் என்று கும்பிடும் தலத்துக்கு, 250 வேலி நிலம் கொடுத்ததை அது சொல்கிறது. நீர்நிலமும் புன்செய்யும் அடங்கிய பெரும் நிலப்பரப்பு. கடல் முனையில் நின்ற கோயிலின் விளக்கும் அமுதும் இந்த வடகரையின் விளைச்சலில் நடந்திருக்கின்றன.

அந்தக் கோயிலை இடித்தவர்கள் பறங்கியர், அதாவது போர்த்துக்கேயர், என்பது திருகோணமலையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அவர்கள் பாய்மரத்தில் பறந்த சிவப்புச் சிலுவை எங்கே பிறந்தது, யாரை எதிர்த்துப் பிறந்தது, கோணமலை வரை அதைக் கொண்டுவந்தது எது என்பதை நாம் அதிகம் கேட்பதில்லை. இங்கே வந்து சேர்ந்தபோது அதற்கு ஐந்நூறு வயது தாண்டியிருந்தது. கோணேசர் கோயிலைப் பற்றியோ கறுவாவைப் பற்றியோ எதுவும் அறியாத இடத்தில், வேறொரு சண்டைக்காக அதைத் தைத்தார்கள்.

முதலில் அது வெறும் துணித்துண்டு. 1095 நவம்பரில் பிரான்சின் கிளெர்மோன் நகரில் பாப்பரசர் இரண்டாம் ஊர்பன் ஒரு பேருரை நிகழ்த்தினார். கிழக்கே ஜெருசலேம் முஸ்லிம்களின் கையில் இருக்கிறது, அதை மீட்கப் போவோருக்குப் பாவத்தண்டனை நீங்கும் என்றார். போகிறேன் என்று நேர்ந்துகொண்டவர்கள் துணியைச் சிலுவையாக வெட்டித் தோளில் தைத்துக்கொண்டார்கள். அந்தத் துண்டு தோளில் ஏறியதும் ஆளின் நிலையே மாறியது. அவனுடைய வீட்டுக்கும் நிலத்துக்கும் திருச்சபை காவல் நின்றது. அவன் ஒரே நேரத்தில் யாத்திரிகனும் படைவீரனும் ஆனான். அதுவரை கிறிஸ்தவப் படைவீரன் போரில் ஆளைக் கொன்றால் அதற்குத் தவம் செய்ய வேண்டியிருந்தது. இனிக் கொல்லப் போவதே தவம் என்றாயிற்று. இந்தச் சிலுவையின் வரலாற்றில் நான் மிகப் பெரிய திருப்பமாகக் கருதுவது இதைத்தான். பிறகு நடந்த எல்லாம் இதிலிருந்தே வந்தன.

1099 ஜூலை 15 ஆம் நாள் ஜெருசலேம் விழுந்தது. நகருக்குள் இருந்த முஸ்லிம்களையும் யூதர்களையும் வெட்டிக் குவித்தார்கள்.

வென்ற நகரைக் காக்கவும் யாத்திரிகர் வழியைக் காக்கவும் 1119 அளவில் ஒரு துறவியர் படை தோன்றியது. துறவு விரதமும் வாளும் ஒன்றாக ஏந்திய இந்த வீரர்களுக்கு ஜெருசலேம் அரசன் அல்-அக்ஸா பள்ளிவாசலைத் தங்குமிடமாகக் கொடுத்தான். சாலொமோனின் ஆலயம் இருந்த இடம் அதுவென்று அவர்கள் நம்பியதால் ஆலய வீரர்கள் என்ற பெயர் நிலைத்தது. ஐரோப்பியர் வாயில் அது தெம்ப்ளார். வெள்ளை அங்கியின் மேல் சிவப்புச் சிலுவை அணியும் உரிமையை 1147 இல் பாப்பரசர் மூன்றாம் எவ்ஜின் அவர்களுக்கு அளித்தார் என்பது மரபு. இரத்தம் சிந்தச் சித்தமாக இருப்பதற்கு அடையாளமாம் அந்தச் சிவப்பு.

அதே 1147 இல் இன்னொன்றும் நடந்தது. நம் கதைக்கு அது முக்கியம். புனித பூமிக்குப் போகப் புறப்பட்ட ஆங்கிலேயர், பிளெமிஷ்காரர், ஜெர்மானியர் கப்பல்கள் வழியில் போர்த்துக்கலில் நின்றன. அங்கே லிஸ்பன் நகரம் முஸ்லிம்களின் கையில் இருந்தது. போர்த்துக்கல் அரசன் அபொன்சோ என்றிக்கஸ் அவர்களைப் பேசி இணங்கவைத்தான். முற்றுகை பல மாதம் நீண்டது, நகரம் விழுந்தது. போர்த்துக்கலின் தலைநகரமே சிலுவைப் போர்க் கப்பல்களின் துணையோடு பிடித்த நகரம். அந்த நாட்டுக்கு முஸ்லிமோடு போர் என்பது கடல் கடந்த தொலைதூரச் சமாச்சாரம் அல்ல, அடுத்த ஆற்றங்கரைச் சண்டை.

ஆலய வீரர்கள் போர்த்துக்கலிலும் நிலம் பெற்றார்கள். கிழக்கே போரிட்டுத் திரும்பிய குவால்திம் பாயிஸ் என்ற தலைவன் 1160 இல் தோமார் என்ற இடத்தில் கோட்டை கட்டத் தொடங்கினான். அதற்குள் எழுந்த வட்ட வடிவத் தேவாலயம் ஜெருசலேமின் புனிதத் தலங்களை மனத்தில் வைத்துக் கட்டியது. தோமார் என்ற பெயரை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். கொழும்புக்கும் திருகோணமலைக்கும் வந்த கப்பல்களின் வேர் அங்கே இருக்கிறது.

கிழக்கே காலம் மாறியது. 1187 ஜூலையில் ஹத்தீன் போரில் சுல்தான் சலாஹுத்தீன் சிலுவைப் படையை முறியடித்தார். ஒக்டோபரில் ஜெருசலேமை எடுத்தார். 1099 இல் நடந்தது அங்கே மறுபடி நடக்கவில்லை. பணம் கொடுத்துப் போக முடிந்தவர்கள் போனார்கள், கொடுக்க முடியாத பலர் அடிமைகளானார்கள், ஊரை வெட்டிக் குவிக்கவில்லை. அதற்குப் பிறகும் நூறு ஆண்டு இழுபறி. 1291 மே மாதம் அக்கா நகரம் எகிப்தை ஆண்ட மம்லூக்குகளிடம் விழுந்ததோடு அந்தக் கரையில் சிலுவைப் போராளிகளின் ஆட்சி முடிந்தது.

பாடநூல் அங்கே அத்தியாயத்தை மூடிவிடுகிறது. சிலுவை மூடவில்லை.

புனித பூமி போன பிறகும் ஆலய வீரர்களிடம் ஐரோப்பா முழுவதும் நிலமும் பணமும் இருந்தன. அரசர்களுக்கே கடன் கொடுத்தவர்கள் அவர்கள். பிரான்ஸ் மன்னன் நான்காம் பிலிப் 1307 ஒக்டோபர் 13 ஆம் நாள் விடியற்காலையில் தன் நாட்டிலிருந்த ஆலய வீரர்களைக் கூண்டோடு பிடித்தான். மதநிந்தை என்றும் ஒழுக்கக்கேடு என்றும் குற்றம் சாட்டி, சித்திரவதை செய்து வாக்குமூலம் வாங்கினான். 1312 இல் பாப்பரசர் ஐந்தாம் கிளெமென்ட் சபையைக் கலைத்தார். 1314 இல் அதன் கடைசித் தலைவர் ஜாக் த மோலேயைப் பாரிசில் உயிரோடு எரித்தார்கள்.

அத்தோடு சிவப்புச் சிலுவை அழிந்திருக்க வேண்டும். பிழைத்தது போர்த்துக்கலில்தான். அங்கே ஆண்ட தினிஸ் மன்னன் பிலிப்பின் வழியில் போகவில்லை. சொத்து வெளியார் கைக்குப் போகாமலும் வீரர்கள் சிதறாமலும் பார்த்துக்கொண்டான். பாப்பரசரோடு ஆண்டுக்கணக்கில் பேரம் பேசினான். 1319 மார்ச்சில் பாப்பரசர் இருபத்திரண்டாம் யோவான் புதிய சபை ஒன்றுக்கு ஆணை கொடுத்தார். கிறிஸ்து சபை என்று பெயர். ஆலய வீரர்களின் நிலமும் கோட்டையும் அதற்குப் போயின, ஆட்களும் பெரும்பாலும் அதிலேயே சேர்ந்தார்கள். சில காலம் தெற்கே கஸ்த்ரோ மரீமில் இருந்துவிட்டு, 1357 இல் பழைய தோமாருக்கே திரும்பினார்கள். சிலுவையும் மாறவில்லை என்றே சொல்லலாம். சிவப்புச் சிலுவைக்குள் ஒரு வெள்ளைச் சிலுவையை வைத்தார்கள், அவ்வளவுதான்.

இதன் பிறகு அது பாயில் ஏறுகிறது. 1415 ஓகஸ்டில் போர்த்துக்கேயர் ஜிப்ரால்டர் நீரிணையைத் தாண்டி மொரோக்கோக் கரையில் செயுட்டாவைப் பிடித்தார்கள். அந்தப் போரில் நின்ற இளவரசன் என்றிக், வரலாற்றில் மாலுமி ஹென்றி என்று பெயர் பெற்றவன், 1420 இல் கிறிஸ்து சபையின் நிர்வாகியானான். அவன் ஆப்பிரிக்கக் கரையோரமாக அனுப்பிய கப்பல்களுக்குச் சபையின் வருமானம் உதவியது. பாயில் சபையின் சிலுவை. அந்தக் கப்பல்கள் பொன்னும் கொண்டுவந்தன, பிடித்துக் கட்டிய ஆப்பிரிக்க மனிதரையும் கொண்டுவந்தன. புனிதப் போருக்கென்று எழுதிய அதிகாரம் அடிமை வியாபாரத்துக்கு ஆவணமாயிற்று. 1455 இல் பாப்பரசர் ஐந்தாம் நிக்கலஸ் வெளியிட்ட ஆணை முஸ்லிம்களையும் பிற மதத்தாரையும் வென்று அடிமைப்படுத்தும் உரிமையைப் போர்த்துக்கல் மன்னனுக்குத் தந்தது. மறு ஆண்டில் மூன்றாம் கலிஸ்டஸ் இன்னும் ஒரு படி மேலே போனார். ஆப்பிரிக்காவின் பொஜடோர் முனையிலிருந்து இந்தியர் வரை, அங்குள்ள நிலங்களின் ஆன்மீக அதிகாரம் கிறிஸ்து சபைக்கு என்றார்.

நின்று யோசிக்க வேண்டிய இடம் இது. 1456 இல் கோட்டேயில் ஆறாம் பராக்கிரமபாகு ஆண்டுகொண்டிருந்தான். கோணேஸ்வரத்தில் பூசை நடந்துகொண்டிருந்தது. இந்தக் கரைகளில் சோனக வணிகர் பாய்விரித்துக்கொண்டிருந்தார்கள். இவர்களில் ஒருவருக்கும் தெரியாமல், ஒரு போர்த்துக்கேயனும் இந்தக் கடலைக் கண்ணால் காணுமுன், இந்தத் திசையின் ஆன்மாக்கள் தோமாருக்கு எழுதிக் கொடுக்கப்பட்டுவிட்டன.

அடுத்த ஆண்டில் சிலுவை நாணயத்திலும் ஏறியது. 1453 இல் கொன்ஸ்தாந்திநோபிள் துருக்கியரிடம் விழுந்திருந்தது. அதை மீட்கக் கலிஸ்டஸ் புதிய சிலுவைப் போருக்கு அறைகூவினார். போர்த்துக்கல் மன்னன் ஐந்தாம் அபொன்சோ போவதாக வாக்களித்து, கினிக்கரைப் பொன்னால் நல்ல மாற்றுள்ள ஒரு காசு அடித்தான். குருசாதோ என்று பெயர். ஒரு முகத்தில் சிலுவை. எடை மூன்றரைக் கிராம் சொச்சம். வெனிஸ் நகரத்துப் பொற்காசுக்கு ஈடாக எந்தச் சந்தையிலும் செல்லும். அந்தச் சிலுவைப் போர் நடக்கவே இல்லை. ஆனால் காசு நின்றது. பின்னாளில் மலையாளக் கரையில் மிளகு வாங்கவும் இலங்கைக் கணக்குகளை எழுதவும் அதுவே அளவுகோலாயிற்று. துருக்கியரோடு போரிட அடித்த பொன், போர்த்துக்கேயரின் மிளகுக் கணக்கில் வந்து உட்கார்ந்தது.

1498 மே மாதம் வஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தான். புறப்படும்போது மானுவல் மன்னன் அவன் கையில் கொடுத்த கொடி கிறிஸ்து சபையின் கொடி. கரையில் அவனுடைய ஆளை முதலில் எதிர்கொண்டவர்கள் யார் தெரியுமா? கஸ்தீலிய மொழி தெரிந்த தூனிஸ் முஸ்லிம்கள் இருவர். எதைத் தேடி வந்தீர்கள் என்று அவர்கள் கேட்டதற்கு, கிறிஸ்தவர்களையும் வாசனைத் திரவியங்களையும் என்று பதில் வந்தது. இரண்டும் சேர்ந்துதான் அவர்களுடைய சிலுவைப் போர். கிழக்கே எங்கேயோ பெரிய கிறிஸ்தவ அரசன் ஒருவன் இருக்கிறான், அவனோடு சேர்ந்து முஸ்லிம்களை முதுகுப்புறமாக அடிக்கலாம், மிளகு வழியைத் திருப்பினால் கெய்ரோவின் கருவூலம் வற்றும், ஜெருசலேம் தானாக விழும். இதை மானுவல் மனதார நம்பினான். அந்த நம்பிக்கையில் காமாவின் ஆட்கள் கோழிக்கோட்டில் ஒரு அம்மன் கோயிலுக்குள் போய், அதைத் தேவாலயம் என்றே எண்ணி முழந்தாளிட்டார்கள்.

நான்கு ஆண்டு கழித்துக் காமா மறுபடி வந்தபோது அந்தக் குழப்பம் தெளிந்துவிட்டது, வெறி தெளியவில்லை. 1502 இல் மக்காவிலிருந்து ஹஜ் முடித்துத் திரும்பிய கப்பல் ஒன்றை மலையாளக் கரைக்கு அப்பால் மறித்தான். உள்ளே நூற்றுக்கணக்கில் யாத்திரிகர், பெண்களும் பிள்ளைகளும் உட்பட. அவர்கள் கொடுத்த பொருளை எல்லாம் எடுத்துக்கொண்டு கப்பலுக்குத் தீ வைக்கச் சொன்னான். பெண்கள் நகைகளைக் காட்டினார்கள், கைக்குழந்தைகளைத் தூக்கிக் காட்டினார்கள். காமா தன் கப்பலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான் என்று அவனுடைய பக்கத்தாரே எழுதி வைத்திருக்கிறார்கள். சில சிறுவர்களை மட்டும் எடுத்து, பிறகு துறவிகளாக்கக் கொண்டுபோனார்கள். கிளெர்மோனில் தோளில் தைத்த துணி இந்துமாக்கடலில் செய்த பெரும் கொலைகளில் ஒன்று அது.

எதிர்ப்பக்கத்திலும் புனிதப் போர் என்ற சொல் எழுந்தது. மலையாளக் கரையின் பொன்னானியில் மக்தூம் குடும்பத்து அறிஞர் முதலாம் ஸைனுத்தீன் சிலுவையை வழிபடுவோரை எதிர்த்து ஜிஹாத் செய்ய அழைக்கும் அரபுக் கவிதை ஒன்றை இயற்றினார். அவர் வழிவந்த இரண்டாம் ஸைனுத்தீன் 16 ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் துஹ்பதுல் முஜாஹிதீன் என்ற நூலை எழுதி, போர்த்துக்கேயர் செய்த அக்கிரமங்களை வரிசைப்படுத்தினார். அதே நூல், மலையாளத்து இந்து அரசர்கள் முஸ்லிம்களை நன்றாக நடத்துவதையும் விரிவாகப் பாராட்டுகிறது. குஞ்ஞாலி மரைக்காயர்கள் கடலில் போரிட்டது கோழிக்கோட்டு அரசன் சாமூதிரியின் படைத்தலைவர்களாக. 1571 இல் போர்த்துக்கேயரின் சாலியம் கோட்டையை வீழ்த்தியபோது மாப்பிள்ளைமாரும் நாயர்களும் ஒன்றாக நின்றார்கள். போர்த்துக்கேயர் மனத்தில் உலகம் இரண்டாகப் பிளந்திருந்தது. இங்கே இருந்த உலகம் அப்படிப் பிளந்திருக்கவில்லை. இந்த வேறுபாட்டை நான் பெரிதாகக் கருதுகிறேன்.

இலங்கைக்குச் சிலுவை வந்ததும் முஸ்லிம் கப்பல்களைத் துரத்தித்தான். 1505 என்பது வழக்கமாகச் சொல்லும் ஆண்டு, 1506 என்பாரும் உண்டு. போர்த்துக்கேய வழியைத் தவிர்த்து மாலைதீவு மார்க்கமாகச் செங்கடலுக்குப் போன கப்பல்களை மறிக்க லொறென்சோ த அல்மேதா புறப்பட்டான். காற்று அவனை இந்தத் தீவுக்குத் தள்ளியது. கொழும்பில் கறுவா ஏற்றினான், கரையோரப் பாறையில் அடையாளம் ஒன்றும் வெட்டப்பட்டது. அந்தப் பாறை 1875 இல் கொழும்புத் துறைமுக அலைதாங்கி வேலையின்போது வெளிப்பட்டது. பிறகு கோட்டைப் பகுதியிலுள்ள கோர்டன் தோட்டத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். செதுக்கப்படாத முரட்டுப் பாறை. அதன் முகத்தில் போர்த்துக்கல் அரச கேடயம், அதற்கு மேல் கிறிஸ்து சபையின் சிலுவை. 1501 போலத் தெரியும் ஓர் எண்ணும் உண்டு. போர்த்துக்கேயர் வந்ததற்கு முந்திய அந்த ஆண்டு ஏன் அங்கே இருக்கிறது என்பதில் ஆய்வாளர் இன்னும் ஒத்துப்போகவில்லை. தோமாரின் சிலுவை இலங்கையில் கல்லில் பதிந்ததற்குச் சான்று அந்தப் பாறை.

லொறென்சோ அதிக நாள் இருக்கவில்லை. 1508 இல் சவுல் துறையில் மம்லூக் கப்பற்படையோடு மோதி இறந்தான். மறு ஆண்டு தியூவில் அவனுடைய தந்தை பிரான்சிஸ்கோ அந்தப் படையையும் அதனோடு சேர்ந்த கோழிக்கோட்டுக் கப்பல்களையும் அழித்துப் பழிதீர்த்தார். அக்காவைப் பிடித்த அதே மம்லூக் அரசு, 1291 இலிருந்து இரண்டு நூற்றாண்டு கழித்து, குஜராத் கரையில் அதே சிலுவையோடு மோதித் தோற்றது. அடுத்து வந்த போர்த்துக்கேய ஆளுநர் அல்புகெர்க் அதற்கும் மேலே போய், செங்கடலுக்குள் நுழைந்து மக்காவையே அழிக்கத் திட்டமிட்டார். 1513 இல் ஏடனின் மதிலேறித் தோற்றுத் திரும்பினார்.

தமிழ்க்கரையில் இந்தச் சண்டைக்கு வேறொரு முகம் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் கதை ஒருபக்கமாகிவிடும். முத்துக்குளித்துறைப் பரதவர், முத்து வணிகத்தில் முஸ்லிம் வணிகரோடு பகைத்து நெருக்கடியில் இருந்தார்கள். 1530களில் அவர்களின் தலைவர்கள் கொச்சிக்குப் போய்ப் போர்த்துக்கேயரிடம் காவல் கேட்டார்கள். ஊர் ஊராகத் திருமுழுக்குப் பெற்றார்கள். பிரான்சிஸ் சவேரியார் 1542 இல் வந்தது அதன் பிறகு. 1538 இல் மண்டபத்துக்கு அருகே வேதாளையில் மரைக்காயர் படையை மார்ட்டின் அபொன்சோ த சூசா முறியடித்தபோது அந்தக் கடலின் பிடி கைமாறியது. பரதவருக்குச் சிலுவை காவலாக வந்தது. அவர்களின் பக்தி அவர்களுடையது, நாலரை நூற்றாண்டுக்கு மேல் அது தமிழ்ப் பக்தியாகவே வளர்ந்திருக்கிறது. தோமாரின் கணக்கை அவர்கள் தலையில் எழுதுவது அநியாயம்.

இனித் திருகோணமலை. அதற்குமுன் போர்த்துக்கலில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 1578 ஓகஸ்டில் போர்த்துக்கலின் இளம் மன்னன் செபஸ்தியான், பழைய சிலுவைப் போர்க் கனவோடு மொரோக்கோவுக்குப் படை நடத்திப்போய் அல்காசர் கிபிரில் மாண்டான். வாரிசு இல்லை. 1580 இல் நாடே ஸ்பெயின் மன்னனிடம் போனது. இந்த மரபின் கடைசிப் போர் தன் சொந்த அரசையே விழுங்கிவிட்டது. ஆனால் இலங்கையில் அதன் கப்பல்கள் நின்றன. அதே 1580 இல் கோட்டே அரசன் தர்மபாலன் தன் இராச்சியத்தைப் போர்த்துக்கல் முடிக்கு எழுதிக் கொடுத்தான். 1619 இல் யாழ்ப்பாணம் விழுந்தது. 1620 இல் தரங்கம்பாடியில் காலூன்றிய டேனிஷ்காரர் கண்டி அரசன் செனரத்தோடு உடன்படிக்கை செய்து திருகோணமலைக்கும் வந்தார்கள். போர்த்துக்கேயருக்கு அச்சம் பிடித்தது. இந்த முறை எதிரி முஸ்லிம் இல்லை, இன்னொரு கிறிஸ்தவன். காரணம் ஜெருசலேமும் இல்லை, துறைமுகம்.

ஆனாலும் கை நீண்டது பழைய வழக்கப்படிதான். தளபதி கொன்ஸ்தந்தீனு த சா கோணமலையின் கோயில்களை இடித்தான். 1622 என்றும் 1624 என்றும் சொல்வார்கள். சித்திரைப் புத்தாண்டன்று தேர் வீதிவலம் போயிருந்த வேளையில் போர்த்துக்கேயர் பூசகர் வேடத்தில் உள்ளே நுழைந்தார்கள் என்பது ஊர் வழக்கு. மலையின் மேலும் நடுவிலும் அடியிலுமாக மூன்று கோயில்கள் இருந்தன என்று, பின்னாளில் கோவாவிலிருந்து எழுதிய பாதிரியார் குவைரோஸ் பதிவு செய்திருக்கிறார். கல்லைக் கொண்டு கோட்டை கட்டினார்கள், மிஞ்சியது கடலுக்குப் போனது. கோட்டை வாசலில் இன்றும் பாண்டியரின் இணைக்கயல் செதுக்கிய கல்லும், குளக்கோட்டன் கட்டியதைப் பறங்கி உடைப்பான் என்ற பொருளில் முறிந்த தமிழ் எழுத்துகளும் சுவரோடு சுவராக நிற்கின்றன. உள்ளே போகிறவர்கள் பெரும்பாலும் மானைப் பார்த்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அந்தக் கல்லுக்கு முன் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். 250 வேலி நிலத்தைப் பெற்ற கோயில் அது. முஸ்லிமை எதிர்க்கக் கிளம்பிய சின்னம், முஸ்லிமும் இல்லாத கிறிஸ்தவனும் இல்லாத சைவனின் கோயிலை இடித்துத் தனக்கு மதில் கட்டிக்கொண்டது.

முஸ்லிம்களையும் விடவில்லை. 1626 இல் போர்த்துக்கேயர் தங்கள் ஆட்சிப் பகுதியிலிருந்த சோனகரை வெளியேற்றினார்கள். தலைமுறை தலைமுறையாக மேற்குக் கரையில் வணிகம் செய்த குடும்பங்கள் மூட்டையோடு மலையேறின. கண்டி அரசன் செனரத் அவர்களை ஏற்று, ஏறத்தாழ 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினான். அதற்கு முன்பே கிழக்கில் முஸ்லிம்கள் இருந்தார்கள் என்றாலும், இந்த வருகை கிழக்கின் முகத்தையே மாற்றியது. செனரத் ஒருகாலத்தில் பௌத்த துறவியாக இருந்து அரசனானவன். அவன் மணந்த அரசி போர்த்துக்கேயரிடம் வளர்ந்து தோனா கத்தரீனா என்று திருமுழுக்குப் பெற்றவள். அவன் அடைக்கலம் கொடுத்தது முஸ்லிம்களுக்கு, அவர்கள் வந்து சேர்ந்தது தமிழரின் அயலில். செனரத்துக்கு அதில் அரசியல் கணக்கும் இருந்திருக்கும், போர்த்துக்கேயருக்கு எதிராக அவனுக்கு ஆள் வேண்டியிருந்தது. கணக்கு இருந்தாலும் செய்தது நல்ல காரியம்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கொன்ஸ்தந்தீனு 1630 இல் ஊவாவில் ரந்தெனிவெலச் சமரில் மாண்டான். 1639 இல் ஒல்லாந்தர் இரண்டாம் இராசசிங்கனோடு சேர்ந்து திருகோணமலைக் கோட்டையைப் பிடித்தார்கள். அவர்களும் கிறிஸ்தவர், ஆனால் கத்தோலிக்கச் சிலுவைக்குப் பகைவர். 1795 இல் ஆங்கிலேயர் வந்தார்கள், கோட்டைக்குப் பிரெட்ரிக் என்று பெயரிட்டார்கள். 1950 இல் மண்ணைத் தோண்டியபோது சோமாஸ்கந்தர் முதலான செப்புத் திருமேனிகள் வெளிவந்தன. 1956 இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் கோணமலையடிக் கடலில் மூழ்கிக் கோயில் தூண்களைக் கண்டார்கள். 1963 இல் புதிய கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது.

சிலுவை இன்றும் உயிரோடு இருக்கிறது. போர்த்துக்கல் விமானப்படை விமானங்களின் உடலில் அந்தச் சிவப்பு அடையாளம் உண்டு, சாகிரஸ் என்ற அவர்களின் பயிற்சிப் பாய்க்கப்பலின் பாய்களிலும் உண்டு. அந்த நாட்டுப் பிள்ளைகளுக்கு அது கடலோடிகளின் பெருமை. நமக்கு அது அப்படி மட்டும் இருக்க முடியாது.

இறக்கக்கண்டியிலும் நிலாவெளியிலும் குச்சவெளியிலும் வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஐரோப்பியர் வருகையைச் சிலுவைப் போரிலிருந்து தொடங்கிச் சொல்லுங்கள். அந்தப் பாடத்துக்குத் தமிழ்ப் பிள்ளைகளையும் முஸ்லிம் பிள்ளைகளையும் ஒரே பேருந்தில் ஏற்றிப் பிரெட்ரிக் கோட்டை வாசலுக்குக் கொண்டுபோங்கள். கோயிலை இழந்தவர்களும் ஊரை இழந்தவர்களும் ஒரே தளபதியின் காலத்தில், ஒரே கொடியின் கீழ் இழந்தார்கள் என்பதை அந்தக் கல்லைக் காட்டியே சொல்லுங்கள்.